படித்தால் புரிகிறது, காதில் கேட்டால் புரியவில்லையா?

வணக்கம். ஆங்கிலக் கட்டுரை தடையில்லாமல் படிக்க முடிகிறது, ஆனால் யாராவது பேசினால் பாதி நழுவிவிடுகிறது, அதனால் இன்னும் சொற்கள் மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்களிடம் சொல் பஞ்சம் இல்லை. அந்தச் சொற்கள் பேச்சில் எப்படி உருமாறுகின்றன என்பதுதான் இன்னும் பழகவில்லை.

தமிழில் ஒவ்வொரு அசையும் ஓரளவு தெளிவாகவே ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும், மற்றவை சுருங்கிவிடும். 'கேன்' என்று நாம் படித்தது வாக்கியத்துக்குள் வெறும் 'க்ன்' ஆகிவிடும். 'அண்ட்' என்பது 'ன்' மட்டுமாகத் தேயும். 'வாட் ஆர் யூ டூயிங்' என்பது 'வாட்டயா டூயிங்' என்று ஒரே மூச்சில் வரும். அகராதி உச்சரிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காதுக்கு இது பிடிபடாததில் ஆச்சரியமே இல்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். எழுத்து வடிவமும் கிடைக்கிற ஒரு ஒலிப்பதிவில் 30 வினாடி மட்டும் எடுங்கள். எழுத்தைப் பார்க்காமல் நான்கைந்து முறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த குட்டிச் சொற்களாகவே இருக்கும். அந்த இடங்களை மட்டும் திரும்பக் கேட்டு, பேசியவரின் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் சுருக்கிப் பழகியதைக் காது சீக்கிரம் அடையாளம் காணும்.

அப்புறம், சப்டைட்டிலை முதல் முறை கேட்கும்போது அணைத்து வையுங்கள். அது ஓடினால் கண்தான் வேலை செய்யும். முதல் வாரத்தில் எழுதிய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள்.