வரி ஏன் ஏறுகிறது, ரோடு எப்போது வரும்? வார்டு மக்களின் கேள்விகளும் என் பதில்களும்

வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபா கூட்டத்தில் நேரம் போதாமல் எழுதிக் கொடுத்த சீட்டுகள், வீட்டுத் திண்ணைக்கு வந்து கேட்டவை, வாட்ஸ்அப்பில் குரலாக வந்தவை என்று இந்த முறை கேள்விகள் முப்பதைத் தாண்டிவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து, எட்டுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். 2011-லும் 2022-லும் இந்த நகராட்சிக்குக் கவுன்சிலராக நீங்கள் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள். நடுவில் 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை தமிழ்நாட்டு நகரங்கள் எதிலும் கவுன்சிலரே கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். குழாயில் சாக்கடை கலந்து வந்தால்கூட யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மக்கள் நின்ற காலம் அது. அதைப் பார்த்தவள் என்பதால், யாராவது கோபமாகக் கேள்வி கேட்டால்கூட எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

"2022-ல் வீட்டுவரியை ஒரே தூக்காகத் தூக்கினீர்கள். அப்புறமும் ஏறுகிறது. நீங்களெல்லாம் கை தூக்கித்தானே இது நடக்கிறது, அம்மா?"
— ஓய்வுபெற்ற தபால்காரர்

ஆமாம் ஐயா, மன்றத்தில் தீர்மானம் போட்டுத்தான் வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எங்களைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று அப்போது உயர்ந்தது.

இதன் வேர் டெல்லியில் இருக்கிறது. ஒன்றிய அரசின் வரிப்பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 மார்ச் வரைக்கான மானியத்தை நகராட்சிகளுக்கு ஒதுக்கியபோது ஒரு நிபந்தனை வைத்தது. மாநில அரசு சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும். அதன்பிறகு மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் ஆண்டுதோறும் கூட வேண்டும். கூடாவிட்டால் மானியம் நிற்கும். மாநில அரசு அதற்கேற்ப விதிகளை மாற்றியது, அது எங்கள் மேசைக்குக் கூட்டப்பொருளாக வந்தது. தீர்மானத்தைத் தோற்கடித்திருந்தால் குடிநீருக்கும் குப்பைக்கும் வரும் பணம் நின்றிருக்கும்.

வந்த மானியத்தையும் நினைத்தபடி செலவு செய்ய முடியாது. நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்ததில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு, குப்பை ஆகியவற்றுக்கென்று கட்டிவைத்தது. மீதி 40-தான் ஊர்த் தேவைக்கு, அதிலும் சம்பளம் போடக்கூடாது. "குப்பை வண்டி புதிதாக வருகிறது, தெருவிளக்கு மட்டும் ஏன் வரவில்லை" என்று போன மாதம் கேட்டவருக்கும் இதுதான் பதில்.

நிதிக்குழு சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. மாநிலத்தின் வளர்ச்சி என்பது மோட்டார் தொழிற்சாலையும் மென்பொருளும் சேர்ந்த கணக்கு. அது ஏறுகிற வேகத்தில் உங்கள் பென்ஷன் ஏறுவதில்லை. மன்றத்திலும் இதைச் சொல்லிக் குறிப்பில் பதிய வைத்தேன். ஆனால் உள்ளூரில் வரியே வசூலிக்காத நகராட்சி எல்லாவற்றுக்கும் மேலே கையேந்தும் என்பதையும் மறுக்க முடியவில்லை.

இரண்டு காரியம் நீங்கள் செய்யலாம். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கழியும், உச்சவரம்பு 5,000 ரூபாய். அப்புறம், வரிச்சீட்டில் போட்டிருக்கும் சதுர அடியை ஒருமுறை சரிபாருங்கள். நம் வார்டிலேயே ஒரு வீட்டில் பின்பக்க ஓட்டுச் சார்ப்பையும் கான்கிரீட் கட்டடக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். பில் கலெக்டரோடு நானும் போய் டேப் பிடித்து அளந்தோம். 140 சதுர அடி குறைந்தது. மனு எழுதத் தெரியாதென்றால் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

"அம்ருத் குழாய்க்கென்று தெருவைத் தோண்டிப்போட்டு ஏழு மாதம். மாமியார் இரண்டு தடவை தடுக்கி விழுந்துவிட்டார். ரோடு எப்போதுதான் வரும் அக்கா?"
— நடுத்தெரு இல்லத்தரசி

மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தேனே, எடுத்தீர்களா?

அம்ருத் 2.0 என்பது 2021 அக்டோபரில் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டம். எல்லா நகர வீடுகளுக்கும் குழாய்த் தண்ணீர் என்பது குறிக்கோள். மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குக் கீழுள்ள ஊருக்குச் செலவில் பாதியை ஒன்றிய அரசு தரும். ஒரு லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு. பணம் தவணை தவணையாக வரும், முந்தைய தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. தவணைக்கு நடுவில் ஒப்பந்ததாரர் ஆட்களை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார். உங்கள் தெருவில் நடந்தது அதுதான்.

குழாய் போட்டவுடன் ரோடு போடச் சொல்லி நான் வற்புறுத்தாததற்கும் காரணம் உண்டு. பெரிய குழாயில் தண்ணீரை அழுத்தி விட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்கு வீடு இணைப்பு. அதற்குப் பிறகு மண் இறுக வேண்டும். இதற்குமுன் தார் போட்டால் இணைப்புக் கொடுக்க மறுபடி வெட்டுவார்கள். பக்கத்து வார்டில் அப்படிப் போட்ட ரோடு ஒரு மழைக்கே பள்ளம் விழுந்துவிட்டது.

ஆனால் மண்ணை மேடும் பள்ளமுமாக விட்டுவைக்க இது சாக்கு ஆகாது. கிராவல் கொட்டி ரோலர் விட்டு நடக்கிற மாதிரி வைத்துத் தர வேண்டியது ஒப்பந்ததாரர் பொறுப்பு. உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் தெருவில் பதினோரு வீட்டுக்கு இன்னும் இணைப்புப் பாக்கி, அது முடிந்ததும் சிமென்ட் ரோடு. தேதி சொல்லி ஏமாற்ற மனமில்லை.

"செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக்காரர் கேட்பது அதிகம். ஆளை இறக்கிச் செய்தால் பாதியில் முடியும் என்கிறார்கள். செய்யலாமா?"
— வீட்டு உரிமையாளர்

கூடாது. தயவுசெய்து கூடாது.

இரண்டு வருடம் முன்பு ஒரு காலை, பால் வாங்கப் போனபோது ஒரு வீட்டுப் பின்புறம் கல்லை நகர்த்துகிற சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தேன். தொட்டி விளிம்பில் ஒருவர் காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி, தாம்புக்கயிறு. சட்டையைக் கழற்றி நாலாக மடித்து மதில்மேல் வைத்து, அது பறக்காமல் செல்போனை மேலே வைத்திருந்தார். நாற்றம் தாங்க அந்நேரத்துக்கே குடித்திருந்தார். "எழுந்திருங்க அண்ணே" என்றேன். "அறுநூறு ரூபாய் பேசியிருக்கும்மா" என்றார். பேசிய கூலியை வீட்டுக்காரரைக் கொடுக்கவைத்து, லாரிக்குப் போன் போட்டு, அது வரும்வரை அங்கேயே நின்றேன். அந்த மடித்த சட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அளவு கூடும்போது அந்த வாயு முதலில் மூக்கின் உணர்வையே அணைத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும்போது ஆள் சரிந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் சாவார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. நகராட்சிக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்பு வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுத் தொட்டிக்குப் பொறுப்பேற்றால்தான் நிற்கும்.

14420 என்ற எண்ணுக்கு அழையுங்கள், உரிமம் பெற்ற லாரி வரும். மூன்றாண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் கசடு கெட்டிப்படாது, செலவும் குறையும். உங்களுக்குப் பணம்தான் தடை என்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், தவணைக்கு ஏற்பாடு செய்யலாம்.

"எங்கள் சந்தில் பன்னிரண்டு நாய். பிள்ளைகள் டியூஷன் போகப் பயப்படுகிறார்கள். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்."

உங்கள் பயம் நியாயம். ஆனால் தெருநாயைப் பிடித்துப்போய் வேறெங்காவது விட்டுவிட நகராட்சிக்கு அதிகாரம் இல்லை. 2025 ஆகஸ்ட் 22 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டதையும் கடிக்கிற சுபாவம் உள்ளதையும் விடக்கூடாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக்கூடாது என்று அதே ஆண்டு நவம்பர் 7-இல் இன்னொரு உத்தரவு வந்தது.

கருத்தடை ஆன நாய்க்குக் காதில் வி வடிவத்தில் சின்ன வெட்டு இருக்கும். உங்கள் சந்தில் நான் எண்ணியபோது நான்குக்குத்தான் இருந்தது. மீதி எட்டுக்கும் வண்டி வர எழுதியிருக்கிறேன். கண்ட இடத்தில் சோறு வைப்பதும் இப்போது தடை. வார்டில் ஓர் இடம் குறிக்க வேண்டும், பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத்தைப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசியை நடுவில் நிறுத்தாதீர்கள்.

"கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடம் வீட்டில் எத்தனை அறை, வண்டி என்று சொன்னால் வரி கூடுமா?"

வரி ஏறாது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி நீங்கள் தரும் விவரம் இரகசியம், யாரும் பார்வையிடவோ வழக்கில் சாட்சியமாக வைக்கவோ முடியாது. நகராட்சி வரிப் பிரிவுக்கும் அது வராது. 2026 ஏப்ரல்–செப்டம்பருக்குள் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் தலைக்கணக்கு, அதில் சாதியும் கேட்பார்கள் என்பது திட்டம். 2011-க்குப் பிறகு இப்போதுதான் எண்ணுகிறார்கள். நம் ஊருக்கான தண்ணீர்க் கணக்குகூட பழைய தலைக்கணக்கை நீட்டிப் போட்டதுதான். ஒருவர் விடாமல் சொல்லுங்கள்.

"எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்த்தால் நூறு நாள் வேலை போய்விடுமாமே, தாயி?"
— எல்லைக்கு அப்பால், குளத்தங்கரையிலிருந்து

போய்விடும் அம்மா. அது ஊரகப் பகுதிக்கு மட்டுமான உரிமை. 2025 டிசம்பரில் பழைய நூறு நாள் வேலைச் சட்டத்தை மாற்றி விபி-ஜி ராம் ஜி என்ற புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதில் நாள் 125 என்று கூடியது. ஆனால் முன்பு கூலி முழுவதும் ஒன்றிய அரசு தந்தது, இப்போது 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில். நாள் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் ஊர் 'நகரம்' ஆகிவிட்டால் உங்களுக்கு அது இல்லை. தமிழ்நாட்டில் நகர்ப்புற வேலைத் திட்டம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது கேட்டால் வேலை தர வேண்டும் என்கிற சட்ட உரிமை அல்ல.

எங்கள் நகராட்சிக்கு உங்கள் வரி சேரும் என்பதற்காக நான் உங்களை வாருங்கள் என்று அழைக்க மாட்டேன். பேருந்து நிறுத்தமும் பாதாள சாக்கடையும் வருமா என்று கேளுங்கள், எத்தனை ஆண்டில் என்று கேளுங்கள். கிராம சபையில் ஆட்சேபத்தைத் தீர்மானமாகப் பதியுங்கள்.

"உங்களுக்கு என்ன சம்பளம்?"
— எட்டாம் வகுப்பு மாணவி

கண்ணு, 2023 ஜூலையிலிருந்து நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். நீ கேட்டது நல்ல கேள்வி.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம் பதினாறு வருடமாகக் காய்கறி வண்டி போடுகிறேன். போன வாரம் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடனும் கிடைக்கவில்லை."

அக்கா, தகவல் கிடைத்து நான் வந்தபோது தரையில் தக்காளிதான் சிதறிக் கிடந்தது. மன்னிக்க வேண்டும்.

2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. அதற்கப்புறமும் இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆணையர் தலைமையிலான வணிகக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். நம் குழு கடைசியாக எப்போது கூடியது என்று மன்றத்தில் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் உங்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறேன்.

கடன் என்றால் பிஎம் ஸ்வநிதி, தெருவோர வியாபாரிகளுக்கான ஒன்றிய அரசுக் கடன் திட்டம். 2020 ஜூனில் பத்தாயிரத்தில் தொடங்கியது. 2025-இல் மாற்றியமைத்தபின் முதல் தவணை 15,000, அடுத்து 25,000, பிறகு 50,000. சரியாகக் கட்டினால்தான் அடுத்தது. உங்களிடம் அடையாள அட்டை இல்லை என்றுதான் வங்கியில் திருப்பியிருப்பார்கள். அட்டை இல்லாதவருக்கு நகராட்சி பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி வாசலில் நிற்கிறேன். ஆதார், வங்கிப் புத்தகம், பழைய சுங்கச் சீட்டு ஏதாவது கிடந்தால் அதுவும் எடுத்து வாருங்கள். வண்டியை முதலில் மீட்போம், கடிதத்தை அன்றைக்கே எழுதிக் கொடுப்போம்.