நரம்பு வலி மாத்திரையும் நீண்டகால அச்சமும்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்கு வயது 71. சர்க்கரை நோய் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்தலும் தாங்காமல், நான்கு ஆண்டுகளாக இரவில் பிரீகாபலின் 75, நார்ட்ரிப்டிலின் 10 இரண்டும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். தூக்கம் வருகிறது. ஆனால் மறதி கூடியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இவ்வகை மாத்திரைகள் மூளையைக் கெடுத்துவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன். நீங்களும் நரம்பு வலிக்கு மருந்து எடுப்பதாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

– ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

நான் மருத்துவன் அல்லன். முகத்து நரம்பு வலிக்காக நெடுங்காலமாகக் கார்பமசெபின் விழுங்கி வருபவன், அதன்பொருட்டு இவற்றைப் பற்றிக் கொஞ்சம் படித்தவன்; என் சொல்லை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். பிரீகாபலினைத் திடீரென்று விட்டால் தூக்கமின்மை, குமட்டல், பதற்றம், வியர்வை எல்லாம் வரும். அரிதாக வலிப்பும் வரலாம். குறைந்தது ஒரு வாரத்துக்காவது படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது. நான்கு ஆண்டுகள் எடுத்தவருக்கு இன்னும் நிதானமாகக் குறைப்பார்கள்.

காணொளியில் சொன்னது 2025ல் வெளியான அமெரிக்க ஆய்வாக இருக்கலாம். நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு, பிரீகாபலினின் உடன்பிறப்பான கபாபென்டின் ஆறு முறையோ அதற்கு மேலோ எழுதித் தரப்பட்டவர்களிடம், முதுமை மறதி நோய் 29 சதவீதம் கூடுதலாக இருந்தது என்றது அது. ஆனால் அது மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வு. அதிக வலி உள்ளவருக்கே மருந்து அடிக்கடி எழுதப்படுகிறது. வலியும் தூக்கக் கேடும் நடமாட்டக் குறைவும் தாமாகவே நினைவை மழுக்கக்கூடியவை. இருபது ஆண்டுச் சர்க்கரையும் அப்படித்தான். இவற்றில் எது காரணம் என்று அத்தகைய ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது. இம்மருந்துகளைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில மாதங்களே நீடித்தவை என்பதால், பத்தாண்டுக் கணக்கை எவரும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது, காணொளிக்காரர் உட்பட.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. பாதம் மரத்துப்போன ஒருவர், மாத்திரையின் மயக்கத்தோடு, இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். 71 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் வருவது என்ன என்பதை நம் குடும்பங்களில் பார்க்காதவர் குறைவு. பத்தாண்டு கழித்து வரலாமோ என்கிற மறதியைவிட இந்த ஆபத்து மிக அருகில் இருக்கிறது. அம்மா கடந்த ஓராண்டில் எப்போதாவது தடுமாறினாரா, விழுந்தாரா என்று கேளுங்கள். தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது சிறுநீரகம். பிரீகாபலின் பெரும்பாலும் மாறாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்கு மேல் உள்ளவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 600 மில்லிகிராம் என்றால், 30க்கும் 60க்கும் இடையில் உள்ளவருக்கு 300தான். 15க்குக் கீழே போய்விட்டவருக்கு 75. அம்மாவின் 75 சிறிய அளவுதான். ஆனால் அது எழுதப்பட்டது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் அன்றிருந்தபடியே இன்றும் இருக்கும் என்று கொள்ள முடியாது. கிரியேட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று பாருங்கள்.

மாத்திரை அட்டையின் பின்புறம் பொடியெழுத்தில் உள்ளதையும் படியுங்கள். மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' என்று ஒற்றைப் பெயரில் வாங்கினாலும், அதில் இருப்பவை முற்றிலும் வேறான இரண்டு மருந்துகள். நார்ட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென்று வந்த பழைய மருந்து வகை. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுதல், மந்தம், குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கும் என்பதால், அமெரிக்க முதியோர் மருத்துவர் சங்கத்தின் பட்டியலில் முதியோருக்குத் தவிர்க்க வேண்டியவற்றில் இவ்வகையும் உண்டு. உங்கள் அம்மாவின் மறதியில் மருந்தின் பங்கு இருக்குமானால், என் சந்தேகம் முதலில் இதன்மேல்தான். ஒரே மாத்திரையில் இரண்டும் இருக்கும்வரை ஒன்றை மட்டும் குறைக்கவும் வழியில்லை, எது மந்தத்தைத் தருகிறது என்று அறியவும் வழியில்லை. இவற்றைச் சேர்த்து அடைப்பதில் நோயாளிக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

மருந்தே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பிரீகாபலினைப் பற்றி 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையால் கிடைத்திருக்காத நல்ல நிவாரணம் ஒருவருக்குக் கிடைக்கிறது. பலன் இல்லாமலே ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர் ஆபத்தை மட்டுமே சுமக்கிறார். பலன் பெற்று இரவில் உறங்குகிறவரின் கணக்கு வேறு. உங்கள் அம்மா இந்த இரண்டாம் வகை என்று தோன்றுகிறது.

எனவே மருத்துவரிடம் போகும்போது, மாத்திரைகளைத் தனித்தனியாகத் தர முடியுமா, நார்ட்ரிப்டிலினை முதலில் மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். வலி திரும்பினால் துலோக்செட்டின் போன்ற மாற்றும் உண்டு. 2022ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அமிட்ரிப்டிலின் (நார்ட்ரிப்டிலினின் வகையைச் சேர்ந்தது), துலோக்செட்டின், பிரீகாபலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரானால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்டகால மெட்ஃபார்மின் அதைக் குறைக்கும். பி12 குறைவே பாத எரிச்சலுக்கும் மறதிக்கும் காரணமாகலாம். பிரீகாபலினோடு பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுக்கிறார், காலும் வீங்குகிறது என்றால், அதை அடுத்த சந்திப்பு வரை தள்ளிப்போடாமல் உடனே தெரிவியுங்கள்.