உப்பு ரோட்டு ஊர்ல கார் கழுவறது எப்படி: மதுரைத் தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு மூணு தடவ படிச்சேன். செப்டம்பர்ல மதுரைல இருந்து கனடால பிராம்ப்டன் வந்து பேஸ்மெண்ட்ல குடியிருக்கீங்க, பழைய கொரோலா ஒண்ணு வாங்கியாச்சு, ஊர்ல ஞாயித்துக்கிழம காபி குடிச்ச கையோட வாசல்ல ஸ்விஃப்ட்ட கழுவித் தொடச்சாத்தான் உங்களுக்கு வாரமே முடியும், இங்க என்னடான்னா வீட்டு ஓனர் வெளிக் கொளாயத் தொடாதீங்கறார், கூட வேல பாக்கறவங்க ஆட்டோமேட்டிக் வாஷ்ல விட்டு எடுத்தா போதும்ங்கறாங்க, குளிரும் வந்திடுச்சு, இந்தப் பழக்கத்த விட்டுடணுமா, பாலிஷ் போடலாமா, ஜனவரில ஊர்ல இருந்து வீட்டுக்காரங்க வர்றப்ப துணி கிணி எதாச்சும் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமான்னு கேட்டிருக்கீங்க.

விடவே விடாதீங்க. நான் வந்து பதினஞ்சு வருஷம் ஆகுது, முதல் ரெண்டு வருஷம் வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட், அந்த நாள்ல என் இஷ்டத்துக்கு நான் செஞ்ச ஒரே வேல கார் தொடைக்கறதுதான். ஆனா ஊர்ல கழுவின முறையில இங்க கழுவினா காரு வீணாப் போயிடும். நம்ம ஊர்ல தூசி மேல உக்காரும், கண்ணுக்குத் தெரியும், தொடச்சிடுவோம். இங்க உப்பு அடில போய் உக்காரும், குனிஞ்சு பாக்காத வரைக்கும் தெரியவே தெரியாது.

ரோட்டுல பனி ஐஸா இறுகிடாம இருக்க, பனி விழறதுக்கு முன்னாடியே உப்புத் தண்ணி தெளிச்சு கோடு கோடா விட்டிருப்பான், அப்புறம் கல்லு கல்லா உப்பு கொட்டுவான். நாம சாப்பிடற அதே சோடியம் குளோரைடுதான், குளிர் மைனஸ் பத்துக்குக் கீழ போனா அது சரியா வேல செய்யாதுன்னு பல எடத்துல கால்சியம் குளோரைடும் கலப்பாங்க. அது காத்துல இருக்கற ஈரத்த இழுத்து வச்சுக்கற சாமான், அதனால கார் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடில ஈரம் நிக்கும். துரு பிடிக்கறதும் கடுங்குளிர்ல மெதுவாத்தான் நடக்கும், கொஞ்சம் இளகி பூஜ்ஜியத்துக்கு மேல வந்தா வேகமா புடிக்கும். மார்ச் மாசம் வெயில் அடிக்குதேன்னு சும்மா இருந்திடக் கூடாதுன்னு சொல்றது அதுக்குத்தான். நீங்க வாங்கினது பழைய வண்டி வேற. நல்ல வெளிச்சத்துல கதவத் திறந்து கீழ் விளிம்புல விரல வச்சுத் தடவிப் பாருங்க, சக்கரத்துக்கு மேல வளைவா இருக்குல்ல அதோட உள் மடிப்புலயும் தடவிப் பாருங்க, பொறுபொறுன்னு தட்டுச்சுன்னா அங்க ஏற்கனவே ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். எண்ணெய் மாதிரி ஒண்ண அடில பூரா ஸ்ப்ரே பண்ணி விடற கடைங்க இருக்கு, க்ரௌன், ரஸ்ட் செக்னு பேரு கேட்டிருப்பீங்க, வருஷம் ஒருக்கா அடிக்கணும். ரெண்டு நாளைக்கு டிரைவ்வேல சொட்டும், ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு ஒரு அட்டையக் கீழ போட்டு வைங்க. பாலிஷ் சாமான் வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் காசுல இத அடிங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஓனர் மேல கோவப்படாதீங்க, அவர் சொல்றதுல ஞாயம் இருக்கு. வெளிக் கொளாய்க்குப் போற பைப்ப நவம்பர் வாக்குல வீட்டுக்குள்ள இருக்கற வால்வுல மூடி, மிச்சத் தண்ணிய வடிய விட்டுடுவாங்க, இல்லேன்னா உள்ள தண்ணி உறைஞ்சு பைப் வெடிச்சு பேஸ்மெண்ட்டுக்குள்ள, அதாவது உங்க ரூமுக்குள்ளதான், தண்ணி வரும். இன்னொண்ணு, தெருவோரத்துல கம்பி போட்ட சாக்கடை வாய் இருக்கு பாருங்க, அதுல போற தண்ணி சுத்திகரிப்புக்குப் போகாது, நேரா ஓடைக்கும் ஏரிக்கும் போயிடும். சில ஊர்ல அதுக்குப் பக்கத்துல மஞ்சப் பெயிண்டுல ஒரு மீன் வரைஞ்சிருப்பாங்க, இங்க கொட்டினா மீனுக்குப் போகும்னு ஞாபகப்படுத்தத்தான், பள்ளிக்கூடப் பசங்க போய் வரையற மீன் அது. சோப்புத் தண்ணிய அதுல விடறது எனக்கு மனசே வராது. கோடைலயும் நான் டிரைவ்வேல நுரை போட்டுக் கழுவறதில்ல, சோப்பு வேல முழுக்க காசு குடுத்துக் கார் கழுவற எடமான வாஷ் பேலதான், அங்க அழுக்குத் தண்ணி போக வேண்டிய எடத்துக்குப் போகும்.

இப்ப குளிர்காலத்துக்கு என்ன பண்ணணும்னா, காசு போட்டு நாமளே அடிச்சுக்கற செல்ஃப் சர்வ் வாஷ் பே உங்க ஏரியால கண்டிப்பா இருக்கும், லூனி டூனிய, அதாவது ஒரு டாலர் ரெண்டு டாலர் காச, ஒரு டப்பால சேத்து வைங்க. ஃபோர்காஸ்ட்ல பூஜ்ஜியத்துக்கு மேல ரெண்டு மூணு டிகிரி காட்டற நாளாப் பாத்து காலைலயே போயிடுங்க, சாயங்காலம் கூட்டம் தெருவரைக்கும் நிக்கும். பிரஷர் கன்ன எடுத்து மொதல்ல கீழ, சக்கர வளைவுக்குள்ள நாலு பக்கமும், அப்புறம் கதவுக்குக் கீழ நீளவாக்குல, அப்புறம் முன் பம்பர் அடி, பின் பம்பர் அடி. கொழகொழன்னு சாம்பல் கலர்ல கட்டி கட்டியா விழும், அது விழறது நிக்கற வரைக்கும் அடிங்க. மேல கடைசில அடிச்சாப் போதும். சுவத்துல ஒரு நுரை பிரஷ் தொங்கும், அதுல கையே வைக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி வந்தவர் பிக்கப் டிரக்கு சக்கரத்துல இருந்த மணலையெல்லாம் அதுலதான் தேச்சிருப்பார், அந்த மணல் பூரா அந்த முடிக்குள்ளதான் இருக்கும்.

நான் அத அனுபவிச்சேன். கறுப்பு சிவிக் ஒண்ணு வச்சிருந்தேன், மொத வருஷம் பூரா அந்த பிரஷ்ஷுலதான் தேச்சேன், வீட்ல பாத்திரம் கழுவற சோப்பையும் ஸ்பாஞ்சையும் வேற எடுத்துட்டுப் போவேன். மே மாசம் ஒரு ராத்திரி பெட்ரோல் போட நின்னப்ப அந்த லைட்டுல பானட்டப் பாக்கறேன், லைட்டச் சுத்தி சிலந்தி வல பின்னின மாதிரி வட்ட வட்டமா கீறல். எனக்கு அன்னிக்குச் சாப்பாடே எறங்கல. பக்கத்து வீட்ல ஒரு போர்ச்சுகீஸ் பெரியவர், பெயிண்ட் ஷாப்புல முப்பது வருஷம் வேல பாத்து ரிட்டயர் ஆனவர், அவர்தான் டார்ச் அடிச்சு பாத்துட்டு ஒரு பேப்பர விரல்ல புடிச்சுக் காட்டினார். பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி இருக்கற அந்த க்ளியர் கோட் நாப்பது அம்பது மைக்ரான்தான் இருக்கும், இந்தப் பேப்பர்ல பாதி, பாத்துத் தேய்ன்னார். அன்னைல இருந்து கார் மேல கைய வைக்கறதுக்கு முன்னாடி தண்ணி போயாகணும், காஞ்ச துணி எந்தக் காரணத்துக்கும் படக் கூடாதுன்னு வச்சிருக்கேன். காஞ்ச உப்பு வெள்ளையா படிஞ்சிருக்கும்போது கையால ஒரு தொட தொடச்சீங்கன்னா அது உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரிதான். பனி தள்ற பிரஷ்ஷும் அப்படித்தான், பிளாஸ்டிக் முடி இருக்கறது கண்ணாடிக்கு மட்டும், மேல் தகரத்துல கிடக்கற பனிய ஃபோம் தலை வச்ச கட்டையால தள்ளுங்க, அதுவும் அடி வரைக்கும் சொரண்ட வேணாம், ஒரு இன்ச் விட்டுடுங்க.

ஆட்டோமேட்டிக் வாஷ் தப்பான்னா, பிரஷ் சுத்தற மெஷின் வேணாம், பிரஷ் படாம தண்ணியும் கெமிக்கலும் மட்டும் அடிக்கற டச்லெஸ்னு போட்டிருந்தா அவசரத்துக்குப் போகலாம். அதுல கெமிக்கல் காரம் ஜாஸ்தி, வாக்ஸ உருவிடும், ஆனா மூணு வாரம் உப்போட விடறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அப்பார்ட்மெண்ட் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங் யாராச்சும் ஃப்ரெண்டுகிட்ட இருந்தா, அங்க கழுவ விடுவாங்களான்னு கேட்டுக்கிட்டு, ரின்ஸ்லெஸ் வாஷ் பழகிக்கோங்க, குளிர்காலத்துல ஞாயித்துக்கிழம திரும்பக் கிடைக்கணும்னா இதுதான் வழி. ஏழெட்டு லிட்டர் தண்ணில அந்த ரின்ஸ்லெஸ் திரவம் முப்பது மில்லி விட்டா போதும், நுரையே வராது, திரும்ப அலசவும் வேணாம், அழுக்க வழுக்கிட்டு எடுக்கற மாதிரி செஞ்சிருக்காங்க. மொதல்ல வாஷ் பேல உப்பையும் மண்ணையும் அடிச்சிட்டு வந்துதான் இத செய்யணும், கட்டி மண்ணோட செய்யவே கூடாது. எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிய வாளில ஊறப் போட்டு ஒண்ணொண்ணா எடுங்க. ஒரு துணிய நாலா மடிச்சா எட்டு முகம் வரும், ஒரு முகத்துல ஒரு இழுப்பு, நேர்க்கோட்டுல, வட்டமாத் தேய்க்காம, முகம் அழுக்கானா திருப்பிடணும், எட்டும் தீந்தா ஓரமாப் போட்டுட்டு அடுத்த துணி. எடுத்த துணிய மறுபடி வாளில முக்காதீங்க. கீழ விழுந்த துணி அன்னிக்கு சக்கரத்துக்குத்தான். கடைசில கதவுங்கள எல்லாம் திறந்து ரப்பர் பீடிங்க காயத் தொடச்சு சிலிக்கான் தடவி விடுங்க, இல்லேன்னா மறுநாள் காலைல கதவு ஒட்டிக்கிட்டு திறக்காது, வேலைக்கு லேட் ஆகும்.

பாலிஷ் பத்தி நீங்க கேட்டதுக்கு ஏப்ரல் கடைசி வரைக்கும் பொறுங்க. அப்ப ஒரு நாள் நல்லாக் கழுவிட்டு ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவருக்குள்ள கைய விட்டு பானட்டத் தடவுங்க, வெறுங்கைல வழுவழுன்னு தெரிஞ்சது கவருக்குள்ள சொரசொரன்னு தெரியும், பிரேக்ல இருந்து பறந்த இரும்புத் துகள் எல்லாம் பெயிண்டுல குத்தி நிக்கறது அது. அயர்ன் ரிமூவர் அடிச்சா ரெண்டு மூணு நிமிஷத்துல ஊதா கலரா வடியும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், பயப்படாதீங்க, ஆனா வெயில்ல காய விட்டுடாம கழுவிடணும். அப்புறம் க்ளே பார், பெயிண்டுல ஒட்டினதப் பிடிச்சு எடுக்கற களிமண் மாதிரி கட்டி, அத நிறைய லூப்ரிகண்ட் விட்டு, அழுத்தாம தேய்க்கணும். அதுக்கப்புறந்தான் டிஏ பாலிஷர். அது சுத்திக்கிட்டே ஆடற மெஷின், அதனால புதுசாப் பழகறவங்க கைலயும் சட்டுன்னு பெயிண்ட எரிச்சிடாது. ஒரு ரெண்டடிக்கு ரெண்டடி எடத்துல மட்டும், இருக்கறதுலயே மென்மையான பேடும் பாலிஷும் வச்சு செஞ்சு பாருங்க, அதுல போகாத ஆழமான கீறல விட்டுடுங்க. பழைய வண்டில முன்னாடி இருந்தவர் எத்தன தடவ தேச்சாரோ, மிச்சம் எவ்வளவு க்ளியர் கோட் இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல. மேல கார்னௌபா வாக்ஸ் போட்டா ஒண்ணு ரெண்டு மாசம் வரும், அந்த மெழுகு பிரேசில்ல ஒரு பனை ஓலைல இருந்து எடுக்கறது. குளிருக்கு முன்னாடின்னா வாக்ஸுக்குப் பதிலா கெமிக்கல்ல செஞ்ச சீலண்ட் போடுங்க, அது பல மாசம் தாங்கும். செராமிக் கோட்டிங்குக்கு இப்பவே போகாதீங்க, கீறலோட மேல போட்டா கீறலும் உள்ளயே பத்திரமா இருக்கும்.

உள்ள கார்ப்பெட்டுல ஷூ வச்ச எடத்துல வெள்ளையா உப்புத் திட்டு வரும். வெள்ள வினிகரும் வெதுவெதுப்பான தண்ணியும் சரிபாதி கலந்து தெளிச்சு, தேய்க்காம துணிய வச்சு ஒத்தி ஒத்தி எடுங்க, ரெண்டு தடவைல போயிடும். ரப்பர் மேட்டு விளிம்பு உசரமா இருக்கறதா வாங்கிப் போட்டுட்டா இந்த வேலையே பாதி கொறையும்.

வீட்டுக்காரங்க வர்றப்ப மைக்ரோஃபைபர் எல்லாம் சுமக்க வேணாம், இங்க மொத்தமா சல்லிசாக் கிடைக்குது. வாங்கினதும் கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் எதுவும் போடாம தனியாத் துவைங்க, டிரையர்ல சூடு ஜாஸ்தி வைக்காதீங்க, இழை உருகிட்டா அந்தத் துணியே கீறும். ஆனா வீட்ல அப்பாவோட பழைய வேட்டி கிடந்தா ரெண்டு கண்டிப்பா எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பெயிண்டுக்கு வேணாம், உள்பக்கக் கண்ணாடிக்கு. ஹீட்டர் போட்டு ஓட்டறப்ப கண்ணாடில ஒரு எண்ணெய்ப் படலம் மாதிரி படியும், ராத்திரி எதிர் வண்டி லைட்டுல கண்ணக் கூசும், நல்லாத் துவைச்சுத் துவைச்சு மெலிஞ்ச வேட்டித் துணிய லேசா நனைச்சு ஒரு தடவ, காஞ்சதுல ஒரு தடவ தொடச்சா அது போற மாதிரி இங்க எந்தத் துணிலயும் போகல எனக்கு. எங்க அம்மா அனுப்பினது ஒண்ணு இன்னும் டிக்கில இருக்கு.