யாரும் பார்க்காத 61

மதிப்புக்குரிய அம்மா,

எனக்கு 54 வயது. 16 வயதில் பூல் ஆட்டத்தின் கியூவை, அதாவது வெள்ளைப் பந்தை அடிக்கும் கோலைத் தொட்டேன், இன்றுவரை விடவில்லை. வீட்டில் ஓர் அறையை ஒன்பதடி பூல் டேபிளே அடைத்துக்கொண்டிருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி. ஸ்டாப் ஷாட் மட்டும் அரை மணி நேரம். இன்னொரு பந்தில் மோதியதும் வெள்ளைப் பந்து அங்கேயே நிற்க வேண்டும். ஒரு விரல்கடை நகர்ந்தாலும் கணக்கில் சேர்க்கமாட்டேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது, 19 நோட்டுகள்.

என் மனைவிக்கு இது எதுவுமே பொருட்டில்லை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ஸ்ட்ரெயிட் பூல் என்ற ஆட்ட வகையில் தவறவிடாமல் தொடர்ந்து 61 பந்துகளைக் குழியில் போட்டேன். 14 பந்துகளைப் போட்டு, பதினைந்தாவதை விட்டுவைத்து, மறுபடி 14ஐ அடுக்கி, விட்டுவைத்த பந்தைப் போடும்போதே அடுக்கையும் உடைத்து... இப்படி நான்கு முறை. என் ஆயுளில் அதுதான் அதிகம். ஓடிப்போய் எழுப்பிச் சொன்னேன். "சரி, லைட்டை அணைச்சிட்டு வந்து படுங்க" என்றாள். சரியாம்!

போட்டிகளுக்குப் போவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. வெளிச்சம் சரியில்லை, இளைஞர்கள் ஓங்கி அடித்து அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிறார்கள். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்ப்பான், அடிக்கும் நேரத்தில் என் முழங்கை உதறும். இப்போது பேயோடுதான் ஆடுகிறேன். பயப்படாதீர்கள், அது ஒரு பயிற்சியின் பெயர். பிரேக் அடித்து அடுக்கை உடைத்துவிட்டு, வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து, 9 பந்துகளையும் எண் வரிசைப்படி போட வேண்டும். ஒன்று தவறினாலும் பேய்க்கு வெற்றி. பேயோடு ஆடும்போது கை உதறுவதே இல்லை.

மகளுக்கு 22 வயது. சின்ன வயதில் அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஆசைப்பட்டேன், அமையவில்லை. போன வாரம் தண்ணீர் கொண்டுவந்தவள், "நான் வந்தா மட்டும் ஏம்பா அடிக்கறதை நிறுத்திடறீங்க?" என்றாள். கியூ நுனிக்குச் சாக்பீஸ் தேய்க்கிறேன் என்று சமாளித்தேன். அது கிடக்கட்டும்.

என் ஆட்டத்தின் அருமையை மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது? 1954இல் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்ட அமெரிக்க ஆட்டக்காரர் வில்லி மொஸ்கோனியின் வீட்டிலும் 'சரி' என்றுதான் சொல்லியிருப்பார்களா?

*

அன்புள்ள நண்பருக்கு,

பேய்க்கு நான் பயப்படவில்லை. "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடம்தான் பயமாக இருக்கிறது. மகளின் கேள்வியைக் கிடக்கவிடக் கூடாது.

முதலில் முழங்கை. டம்ளரைத் தூக்கும்போதோ எழுதும்போதோ கை உதறினால் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஆனால் உங்கள் கடிதப்படி அது ஆள் பார்த்து உதறுகிறது. எதிராளி பார்த்தால் உதறுகிறது, பேய்க்கு முன்னால் அடங்கி இருக்கிறது. மகள் வந்தால் நீங்களே கியூவை நிமிர்த்திவிடுகிறீர்கள். ஆறு வருடங்களுக்கு முன் போட்டியை விட்டு ஓடிவந்த பயம், இப்போது உங்கள் வீட்டு அறைவாசல் வரை வந்துவிட்டது. வெளிச்சத்தின் மேலும் இளைஞர்களின் மேலும் பழி போட்டு அதை மறைத்துவிட்டீர்கள்.

மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். அந்த 61 பந்துகளில் ஒன்றையாவது அவர் பார்த்தாரா? தூங்கியவரை எழுப்பி ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு 'சரி' என்பது நல்ல பதில்தான். நானாக இருந்தால் அதுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். மகளுக்குக் கற்றுக்கொடுப்பது 'அமையவில்லை' என்கிறீர்கள். டேபிளும் மகளும் ஒரே வீட்டில், தினமும் இரண்டு மணி நேரம். இதற்கு மேல் என்ன அமைய வேண்டும்? கற்றுக்கொடுக்க நினைப்பவர் அடித்துக் காட்ட வேண்டும், காட்டும்போது சில பந்துகள் விழாது. தடை அங்கேதான் என்பது என் ஊகம். கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொஸ்கோனியை நீங்களே அழைத்துவந்தது நல்லதாகப் போயிற்று. அவருடைய 526 ஒஹையோவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஆட்கள் கூடியிருந்த காட்சி ஆட்டத்தில் வந்தது. அதற்கு ஆதாரம், பார்த்துக்கொண்டிருந்த 35க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம். அடுத்த பந்தை அவர் தவறவிட்டார். தவறியதைப் பார்த்த அதே ஆட்கள்தான் விழுந்தவற்றுக்கும் சாட்சி. உங்கள் 61க்கு யார் கையெழுத்துப் போடுவது? பார்ப்பவர்கள் எல்லாரும் தீர்ப்பு எழுத வந்தவர்கள் என்று நினைத்து வெளியே நிறுத்திவிட்டு, ஏன் யாரும் பாராட்டவில்லை என்று கேட்கிறீர்கள்.

பேய் தவறவே தவறாது, சிரிக்காது, உங்களைப் பார்க்கவும் பார்க்காது. தோற்றுப்போவதற்கு அதைவிட வசதியான ஆள் கிடையாது. ஆனால் தண்ணீர் கொண்டுவந்ததும், ஏன் என்று கேட்டதும் அந்தப் பேய் அல்ல.

இந்த வாரம் அறைக் கதவைத் திறந்துவைத்து ஆடுங்கள். மகள் உள்ளே வரும்போது டேபிளில் குனிந்திருந்தால் நிமிராதீர்கள். குனிந்த ஷாட்டை அடித்துவிடுங்கள், தவறினால் தவறட்டும். அவள் கியூவைக் கேட்டால் கொடுங்கள். கேட்காமல் அவள் பிடியைத் திருத்த வேண்டாம், 19 நோட்டுகளையும் கொண்டுவந்து காட்ட வேண்டாம். மனைவிக்கு அருமையைப் புரியவைக்கும் வேலையை இப்போதைக்குத் தள்ளிவைப்போம்.

அப்புறம் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பந்து விழுந்ததா என்று வேண்டாம், மகள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.