‘கேரியர்’ என்று ரிப்போர்ட் வந்த நாயைக் குட்டி போட விடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு லேப்ரடார் பெட்டைக்கு 2 வயது 3 மாதம் ஆகிறது. ஒரு தடவையாவது குட்டி போட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. தெரிந்தவர் ஒருவர் தன் கடுவனைத் தருகிறேன் என்கிறார். கண்காட்சிகளில் நிறையப் பரிசு வாங்கிய நாய். எதற்கும் இருக்கட்டும் என்று இவளுக்கு மரபணுச் சோதனை செய்தோம். எல்லாவற்றிலும் ‘கிளியர்’ என்று வந்தது, பி.ஆர்.ஏ.-பி.ஆர்.சி.டி. என்ற கண் நோயில் மட்டும் ‘கேரியர்’ என்று இருக்கிறது. இவளுக்குக் கண் போய்விடுமா? குட்டிகளுக்கு வருமா? பேசாமல் கருத்தடை செய்துவிடலாமா? ஒரு தடவை குட்டி போட்டால்தான் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: இந்த நோயால் இவளுக்குப் பார்வை போகாது. அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். கேரியர் என்றால் நோயாளி இல்லை. நோய்க்கான மரபணுவைச் சுமக்கிறாள், அவ்வளவுதான்.

நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, ஒன்று தகப்பனிடமிருந்து. அதனால் ஏறக்குறைய எல்லா மரபணுவும் உடம்பில் இரண்டு பிரதிகளாக இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் வந்திருக்கும் நோய், இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால் மட்டுமே வெளிப்படும் வகை. உங்கள் நாயிடம் ஒன்று பழுது, ஒன்று நல்லது. அந்த ஒரு நல்ல பிரதியே விழித்திரைக்குப் போதும்.

இரண்டும் பழுதான நாயை ஒரு தடவை நேரில் பார்த்தால் இந்தச் சோதனையின் அருமை புரியும். சில வருஷங்களுக்கு முன்பு 5 வயது லேப்ரடார் கடுவன் ஒன்றை என்னிடம் கூட்டி வந்தார்கள். கண்ணைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. “ராத்திரி ஆனால் படி இறங்க மாட்டேன் என்கிறான், காலில் வலி போலிருக்கிறது” என்றார்கள். கால் நன்றாகத்தான் இருந்தது. அறை விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு பஞ்சு உருண்டையை அவன் முகத்துக்கு முன்னால் மேலிருந்து நழுவ விட்டேன். பஞ்சு விழுந்தால் சத்தம் வராது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அவன் தலை அசையவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி விட்டேன், உடனே தலை அதன் பின்னால் போனது. கண்பாவை அகலமாகத் திறந்து கிடந்தது. டார்ச் அடித்தால் உள்ளேயிருந்து வழக்கத்தைவிட அதிகமான பளபளப்பு. விழித்திரை மெலிந்து போனதன் அடையாளம் அது. முதலில் இருட்டில் பார்வை குறையும், அப்புறம் பகலிலும் போய்விடும். குணப்படுத்த மருந்து இல்லை. வலிக்காது என்பது ஒன்றுதான் ஆறுதல். எல்லாம் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இவனை மூன்று தடவை கிராஸ் விட்டிருக்கிறோமே, அந்தக் குட்டிகள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் விஷயத்தில் பதில் இருக்கிறது. இவள் ஒவ்வொரு குட்டிக்கும் தன் இரண்டு பிரதிகளில் ஏதோ ஒன்றைத்தான் கொடுப்பாள். கடுவன் கிளியராக, அதாவது இரண்டு பிரதியும் நல்லதாக இருந்தால் அவனிடமிருந்து எல்லாக் குட்டிக்கும் நல்ல பிரதி வந்துவிடும். குட்டிகளில் சுமார் பாதி கிளியர், பாதி கேரியர். இந்த நோயால் ஒன்றுக்கும் கண் போகாது. கடுவனும் கேரியர் என்றால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. இதைக் கேட்டதும் சிலர், “8 குட்டி போட்டால் 2 குட்டிக்குத்தானே” என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் புதிதாகக் காசு சுண்டுவது போலத்தான். ஒன்றுக்கும் வராமலும் போகலாம், ஐந்துக்கு வந்தாலும் வரலாம். கடுவனுக்கே நோய் இருந்தால் குட்டிகளில் சுமார் பாதிக்கு வரும்.

ஆகவே இப்போது பார்க்க வேண்டியது கடுவனின் ரிப்போர்ட்டை. பரிசுகளை வைத்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. கண்காட்சி நடுவர் தலையமைப்பு, முடி, நடை இவற்றைத்தான் பார்ப்பார். இந்தக் கண் நோய் லேப்ரடாரில் பெரும்பாலும் 3, 4 வயதுக்கு மேல்தான் வெளியே தெரியும். அதற்குள் ஒரு நல்ல கடுவன் எல்லாப் பரிசும் வாங்கி, பத்துப் பதினைந்து ஈற்றுக்குத் தகப்பனாகியிருப்பான்.

ரிப்போர்ட்டைக் காட்டினால், அதில் உள்ள மைக்ரோசிப் (நாயை அடையாளம் காணத் தோலுக்கு அடியில் வைக்கும் சில்லு) எண்ணையும் பாருங்கள். ஸ்கேனரை நாயின் தோள்பட்டையில் வைத்து, வருகிற 15 இலக்கத்தைத் தாளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு முறை என் முன்னாலேயே இரண்டு எண்ணும் வேறு வேறாக வந்தன. அந்தத் தாள், கடுவனின் அண்ணனுடையது. உரிமையாளர் ஏமாற்ற நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஈற்றில் பிறந்தவைதானே, ஒன்றுக்குப் பார்த்தால் இன்னொன்றுக்கும் பார்த்த மாதிரிதான் என்று நம்பியிருந்தார். கூடப் பிறந்த இரண்டு நாயில் ஒன்று கிளியராகவும் இன்னொன்று நோயோடும் இருக்கலாம்.

கருத்தடை செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேரியர் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் கேரியர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டால் இனம் சுத்தமாகிவிடும் என்ற எண்ணம் நல்ல வளர்ப்பாளர்களிடமும் இருக்கிறது. பசென்ஜி என்ற ஆப்பிரிக்க இனத்தில் 1970-களில் அப்படிச் செய்து பார்த்தார்கள். பரம்பரை ரத்தசோகை ஒன்று அந்த இனத்தை வாட்டியது. சோதனை வந்ததும் கேரியர்களை மொத்தமாக விலக்கினார்கள். ரத்தசோகை குறைந்தது. ஆனால் மிஞ்சிய சின்னக் கூட்டத்துக்குள்ளேயே ஜோடி சேர்த்ததில் விழித்திரை நோய் தலைதூக்கியது. கடைசியில் 1980-களின் பிற்பகுதியில் காங்கோவுக்கே போய்ப் புது நாய்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நல்ல குணமும் நல்ல உடம்பும் உள்ள ஒரு நாயை ஒரு பழுதான பிரதிக்காகக் கழித்தால், அவளிடம் உள்ள மற்ற ஆயிரக்கணக்கான நல்ல மரபணுக்களும் அவளோடு போய்விடும். கிளியரான கடுவனோடு சேர்த்து, குட்டிகளைச் சோதித்து, குணத்திலும் உடம்பிலும் தேறிய கிளியர் குட்டியை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொண்டால் பழுதான பிரதி அந்தப் பரம்பரையிலிருந்து போய்விடும், மற்றவை தங்கும்.

சரி, கடுவன் கிளியர் என்றே வைத்துக்கொள்வோம். உடனே சேர்த்துவிடலாமா? இன்னும் முக்கியமான ஒன்றை நீங்கள் பார்க்கவில்லை. லேப்ரடாருக்கு என்னிடம் வருகிற கேள்விகளில் கண்ணைவிட இடுப்புதான் அதிகம். ஹிப் டிஸ்பிளேசியா என்கிற இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து காரணமாகின்றன, வளர்ப்பும் சேர்கிறது. எச்சிலை எடுத்து அனுப்பி ஆம், இல்லை என்று விடை வாங்க முடியாது. எக்ஸ்ரேதான் வழி. மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, முழங்கால் சில்லு மேலே பார்க்கும்படி உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் படம் எடுப்போம். தொடை எலும்பின் உருண்டைத் தலை, கிண்ணம் போன்ற குழிக்குள் ஆழமாக, இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழி தட்டையாக இருந்தாலோ, தலை பாதி வெளியே நின்றாலோ, துள்ளிக் குதித்து ஓடும் நாயாக இருந்தாலும் அது தேறாது. வெளியே நொண்டாத நாய்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு முறையான திட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. அமைப்பு 24 மாதம் நிறைந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று தரும்; எக்ஸலன்ட், குட், ஃபேர் என்ற மூன்றும் தேறியவை. பிரிட்டிஷ் முறையில் ஒரு பக்கத்துக்கு 0 முதல் 53 வரை, இரண்டும் சேர்த்து 106; எண் குறைவாக இருந்தால் நல்லது. மூட்டின் தளர்ச்சியை அளக்கும் பென்ஹிப் முறையில் 16 வாரக் குட்டியிலிருந்தே பார்க்கலாம். இவள் வயதுக்கு எந்த முறையும் பொருந்தும். ஹீட் நேரத்தில், அதாவது பெட்டை சேர்க்கைக்குத் தயாராகும் பருவத்தில் மட்டும் எடுக்காதீர்கள்; அப்போது மூட்டு தளர்வதால், உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியலாம். 3, 4 வாரம் தள்ளி எடுங்கள். அதே மயக்கத்திலேயே முழங்கைகளையும் எடுத்துவிடச் சொல்லுங்கள், லேப்ரடாருக்கு அதுவும் பலவீனமான இடம். கடுவனுக்கும் இதே படங்கள் வேண்டும். முடிந்தால் இரண்டு பேருடைய பெற்றோர், கூடப் பிறந்தவர்களின் இடுப்பு எப்படி என்றும் விசாரியுங்கள். பல மரபணு சேர்ந்த கோளாறில் ஒரு நாயின் படத்தைவிடக் குடும்பத்தின் கதை அதிகம் சொல்லும்.

வளர்ப்பும் சேர்கிறது என்றேனே, அதற்கு நல்ல சான்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு. 48 லேப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே வாழ்நாள் முழுக்கத் தீனி போட்டார்கள். ஒல்லியாக வளர்ந்தவை கிட்டத்தட்ட 2 வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. குட்டிகளை வாங்கிப் போகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கொழுகொழு லேப் குட்டியைப் பார்க்க எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் அந்த எடையைத் தாங்குவது வளர்ந்துகொண்டிருக்கும் மூட்டு.

கண் மருத்துவம் படித்த கால்நடை மருத்துவரிடமும் ஒரு தடவை இவளைக் காட்டிவிடுங்கள். மரபணுச் சோதனை அந்த ஒரு பழுதை மட்டுமே தேடும். வேறு மரபணுவால் வரும் விழித்திரை நோய், கண்புரை இவையெல்லாம் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். குட்டி போட வைக்கும் நாய்க்கு வருஷம் ஒரு தடவை இது தேவை. அதேபோல் ‘மற்ற எல்லாவற்றிலும் கிளியர்’ என்ற வரியையும் கவனமாகப் படியுங்கள். பட்டியலில் இ.ஐ.சி. இருக்கிறதா? பந்தை எடுத்து வர ஓடி ஓடி, சில நிமிஷத்தில் பின்னங்கால் துவண்டு விழும் நோய் அது. லேப்ரடாருக்கு அதைப் பார்க்காமல் விடக்கூடாது. சி.என்.எம். என்ற தசை நோயும் அப்படித்தான். சில நிறுவனங்களின் பட்டியல் நீளமாக இருக்கும், லேப்ரடாருக்கு வேண்டியது மட்டும் அதில் இருக்காது.

கடுவனின் வம்சாவளியை வாங்கி இவளுடையதோடு வைத்துப் பாருங்கள். ஒரே தாத்தா பெயர் இரண்டிலும் வருகிறதா? அண்ணன்-தங்கை சேர்ந்தால் குட்டிகளின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்ததன் அளவு) 25 சதவீதம். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பொதுவாக இருந்தால் 12.5. பரிசு வாங்கிய கடுவன்களிடம் எல்லோரும் போவதால், நாலைந்து தலைமுறையில் எல்லா நாயும் ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடுகின்றன. அதிகம் பேர் தேடிப் போகாத, சோதனைகளில் தேறிய, குணமான கடுவன் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதில் உண்மை இல்லை. நோய் வராமல் இருப்பதற்காகக் குட்டி போட வைக்கத் தேவையில்லை. பிரசவம் சிக்கிச் சிசேரியன் வரை போவதும் உண்டு, தாய் இறந்துபோவதும் உண்டு. கருத்தடை செய்யாமல் வைத்திருக்கும் பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் வயது ஏற ஏறக் கூடும். குட்டி போட வேண்டாம் என்று முடிவு செய்தால், அவளுக்கு எதையோ மறுத்துவிட்டோம் என்று வருந்தத் தேவையில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். இடுப்பும் முழங்கையும் தேறி, கண் பரிசோதனை சரியாக இருந்து, கடுவனும் எல்லாவற்றிலும் தேறி, பி.ஆர்.சி.டி.யில் கிளியராக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். இடுப்பு தேறவில்லை என்றால், மரபணு ரிப்போர்ட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கருத்தடை செய்துவிடுங்கள். இடையில் நின்றால், அதாவது ஓரளவு பரவாயில்லை என்று வந்தால், நான் விடமாட்டேன். 7, 8 குட்டி லேப்ரடாருக்குச் சாதாரணம். அத்தனை குட்டியும் அந்த மூட்டோடுதான் பத்து வருஷத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு நாய்க்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். கருக்கலைப்பு உண்டாக்கும் கிருமி, மனிதருக்கும் தொற்றும். குட்டிகள் பிறந்ததும், கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சி தேய்த்து மாதிரி அனுப்புங்கள். பால் குடித்த வாயோடு எடுத்தால் தாயின் செல்களும் சேர்ந்து வந்து முடிவு குழம்பும், அதனால் கொஞ்ச நேரம் தாயிடமிருந்து பிரித்து வைத்துவிட்டு எடுங்கள். முடிவின் நகலை ஒவ்வொரு குட்டியோடும் கொடுத்துவிடுங்கள், கேரியர் குட்டி என்றால் அதையும் மறைக்காமல். பார்த்துக்கொள்ள முடியவில்லை என்றால் குட்டியை உங்களிடமே திருப்பித் தரலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

கடுவனின் உரிமையாளர் தெரிந்தவர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும். உங்கள் நாயின் ரிப்போர்ட்டை முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டு, “இவள் கேரியர், அதனால் உங்கள் பையனுடையதைப் பார்க்காமல் சேர்க்கக் கூடாது என்கிறார்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எடுத்துத் தந்துவிடுவார்கள். இதுவரை சோதிக்கவில்லை என்றால் முடிவு வர இரண்டு மூன்று வாரம் போதும். அடுத்த ஹீட்டுக்கு எப்படியும் மாதங்கள் இருக்கும், அதற்குள் இவளுடைய எக்ஸ்ரேயை எடுத்துவிடுங்கள்.