மே மாசம் மலை ஏறப் போறீங்களா? பர்மிஷன் சீட்டு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க

தேவகோட்டைல இருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்காக: மே லீவுக்கு பசங்க வர்றாக, ஒருத்தனுக்கு 11, ஒருத்தனுக்கு 14, அப்பச்சிக்கு 61 வயசு, பிரஷர் மாத்திரை சாப்புடறாக. ஒரே நாள்ல ஒரு மலை உச்சி ஏறி இறங்கணும்னு பசங்களுக்கு ஆசை. வாட்ஸ்அப்ல ஒரு ஆளு தேனிப் பக்கம் குரங்கணில இருந்து கொழுக்குமலை, தலைக்கு 1800, பாரஸ்ட் பர்மிஷன் நாங்க பாத்துக்குறோம்னு சொல்லி 500 அட்வான்சும் வாங்கிட்டாராம். போகலாமா, வெயில் தாங்குமா?

ஆச்சி, மிச்சக் காசைப் போடாதீங்க, முதல்ல அது. "பர்மிஷன் நாங்க பாத்துக்குறோம்"னு எவன் சொன்னாலும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். 2018 மார்ச் 11, இதே குரங்கணி மலைல காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல செத்துப்போனாக, அதுக்கப்புறம்தான் மலையேத்தத்துக்குன்னு தனியா விதியே போட்டாக. உள்ள யாரு, எத்தன பேருன்னு வனத்துறைக்குத் தெரியணும், அதுக்குத்தான் அந்தச் சீட்டு. அதுல உங்க பேரு இல்லைன்னா ஒண்ணு ஆச்சுன்னா தேடி வர ஆளில்ல. போன வருஷம் ஒரு குடும்பம் எங்கிட்ட சீட்டக் காட்டுனாக, பேரு வேற, தேதி வேற, யாரோ பழைய ஆளோட சீட்ட அனுப்பி விட்டிருக்கான், செக்போஸ்ட்லயே திருப்பி அனுப்பிட்டாக, அந்த ஆளு போன் சுவிட்ச் ஆப்.

2024ல அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சு 40 பாதைக்கு ஆன்லைன்ல புக்கிங் வச்சிருக்கு, கைடும் அவுகளே குடுக்குறாக. நேரா அங்க பதிஞ்சுக்கங்க. பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீ சீசன்னு மூடிருவாக, இத செக்போஸ்ட்ல ஒரு போர்டு எழுதி வச்சா என்ன குறைஞ்சு போகும்? வைக்க மாட்டாக, அந்த இடத்துலதான் புரோக்கர் உள்ள வர்றான்.

"வெள்ளியங்கிரிக்கு அந்த நேரத்துலதான விடுறாக?"ன்னு கேப்பீங்க. ஆமா, அது மட்டும் வேற. பக்தர்களுக்குன்னு பிப்ரவரில இருந்து மே வரைக்கும் கோயம்புத்தூர் பக்கம் பூண்டில இருந்து ஏழு மலையும் ஏற விடுறாக. அதுக்காக அது லேசுன்னு நினைக்காதீங்க. ராத்திரில ஏறுவாக, மேல கோடைலயும் குளிரு நடுக்கும், கீழ வேர்த்து நனைஞ்ச சட்டையோட போய் அந்தக் காத்துல நின்னா அவ்வளவுதான், ஏறும்போதே நெஞ்சுவலி வந்து இறந்தாகன்னு வருஷா வருஷம் செய்தி வருது. இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவுக ஏற வேணாம்னு வனத்துறையே சொல்லுது. கோயில் மலைதானேன்னு அப்பச்சியக் கூட்டிட்டுப் போயிராதீங்க.

உங்களுக்கு நான் சொல்றது பிரான்மலை. பாரி ஆண்ட பறம்பு மலை, சிங்கம்புணரிக்குப் பக்கம், விடியுறதுக்குள்ள கார்ல போய் எறங்கிரலாம். 5:30க்கு அடிவாரத்துல இருக்கணும். அக்னி நட்சத்திரத்துல பாறைதான் எதிரி, சூரியன விட. வெறும் பாறை வெயில வாங்கி வச்சுக்கிட்டு கீழ இருந்து வேகவைக்கும். நிக்கிற இடத்துல உள்ளங்கைய பாறைல வச்சு பத்து எண்ணுங்க, எண்ணி முடிக்க முடியலைன்னா எறங்க வேண்டிய நேரம் தாண்டிருச்சு. உச்சி பாக்கி இருந்தாலும் சரி, 9 மணிக்குத் திரும்பிருங்க.

தண்ணி ஆளுக்கு 2 லிட்டர், தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காம கால் மணிக்கு ஒருக்கா நாலு மடக்கு. தூக்குவாளில உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ எடுத்துக்கங்க. ஓஆர்எஸ்ங்கிற உப்புக்கரைசல்னா மருந்துக்கடைல பொடி பாக்கெட் வாங்கி அதுல போட்டிருக்குற அளவு தண்ணில கலக்கணும், டப்பால ஜூஸ் மாதிரி வர்றத நம்பாதீங்க, 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே அந்த மாதிரி டப்பால ஓஆர்எஸ்னு போடக் கூடாதுன்னு சொல்லிருச்சு. அப்பச்சி சாப்புடறது நீர் பிரியற மாத்திரையான்னு டாக்டர்ட்ட கேளுங்க, அதுவா இருந்தா அவுக கீழ கோயில்லயே இருக்கட்டும். பசங்க பேச்சு குழறினா, உடம்பு அனலாக் கொதிச்சா உடனே நிழல், தண்ணி ஊத்தி விசிறி, 108.

அந்த 500 ரூபாய எழுத்துல கேட்டு மெசேஜ் போடுங்க. ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா தாமதிக்காம சைபர் மோசடி புகாருக்கான 1930க்கு அடிச்சுருங்க, ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிச்சிராதீங்க.