டப்பாவில் வந்த கூலர் போதுமா?

கேள்வி: ஐ5 12400 ப்ராசஸருக்கு அதோடு வந்த ஸ்டாக் கூலரையே மாட்டியிருக்கிறேன். கேம் ஆடும்போது 70 டிகிரி, வீடியோ ரெண்டர் செய்தால் 85 வரை போகிறது. ப்ராசஸர் கெட்டுப்போகுமா?

பதில்: கெடாது. அந்த ப்ராசஸருக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டாலும் கருகிவிடாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு சூட்டைத் தணிக்கப் பார்க்கும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

டிகிரியைவிட வேகத்தைப் பாருங்கள். ரெண்டரை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டு, கோர்கள், அதாவது ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள், எத்தனை கிகாஹெர்ட்ஸில் நிற்கின்றன என்று கவனியுங்கள். எல்லா கோர்களும் வேலை செய்யும்போது 12400 சுமார் 4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 85 டிகிரியில் அந்த வேகம் நிலையாக நின்றால் கூலர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் பொருள். 100 டிகிரியைத் தொட்டுத் தொட்டு வேகம் இறங்கினால் கூலரைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சூடு 65, 70லேயே இருக்கும், ஆனால் வேகம் மட்டும் இறங்கிவிடும். அது கூலரின் குற்றமல்ல. இந்த ப்ராசஸர் சிறிது நேரத்துக்கு 117 வாட் வரை இழுக்கலாம். அதன்பின் சில மதர்போர்டுகள் அதை 65 வாட்டில் கட்டிப்போட்டுவிடும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரையில் இருக்கும் பவர் லிமிட்டைத்தான் பார்க்க வேண்டும். இதற்குப் போய் புதுக் கூலர் வாங்கினால் காசுதான் போகும்.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். இன்டெல் ஸ்டாக் கூலர். ஆன் செய்து ரெண்டு நிமிடத்தில் பயாஸ் திரையிலேயே 95 காட்டுகிறது. கூலர் மட்டமானதா?

பதில்: கூலர் சரியாக உட்காரவில்லை. நேரில் பார்க்காமலே பந்தயம் கட்டுவேன்!

அந்தக் கூலரின் நாலு மூலையிலும், போர்டின் ஓட்டையில் அழுத்திப் பூட்டுகிற பிளாஸ்டிக் புஷ்பின் இருக்கும். நாலில் ஒன்று பிடிக்காமல் விட்டால்கூட அந்தப் பக்கம் ஹீட்சிங்க், அதாவது ஃபேனுக்கு அடியில் சூட்டை வாங்கும் உலோகக் கட்டி, லேசாகத் தூக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு நூலளவு காற்று புகுந்தாலும் போதும், சூடு மேலே ஏறாது. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ப்ராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் சாம்பல் நிறப் பேஸ்ட் ஒரு பக்கம் நன்றாக நசுங்கிப் பரவியிருக்கும், இன்னொரு பக்கம் தொழிற்சாலையில் தடவிய கோடு கலையாமல் அப்படியே இருக்கும்.

மாட்டும் முன் நாலு பின்னின் தலையும் பூட்டும் நிலையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலையில் உள்ள அம்புக்குறி, கழற்றுவதற்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது. மாட்டும்போது அந்தப் பக்கம் திருப்புகிறவர்கள் ஏராளம். ஒரு மூலையை அழுத்தினால் அடுத்தது அதற்கு எதிர்மூலை. ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். சத்தம் கேட்டதோடு நம்பிவிடாமல் போர்டைத் திருப்பிப் பாருங்கள். நாலு வெள்ளைக் கால்களும் ஓட்டை வழியே வெளியே வந்து, நடுவில் கருப்புக் குச்சி இறங்கி, கால்கள் விரிந்து நிற்க வேண்டும். கேபினெட்டுக்குள் வைத்து இதைச் செய்வது கஷ்டம். போர்டை வெளியே எடுத்து மாட்டுவதுதான் நல்லது.

அப்புறம், ஹீட்சிங்கின் அடியில் பிளாஸ்டிக் தாள் ஏதும் ஒட்டியிருந்தால் அதை உரித்தீர்களா? சிரிக்காதீர்கள், அனுபவசாலிகளும் மறக்கிறார்கள்.

கேள்வி: ரைசன் 7 7700எக்ஸ் வாங்கினேன், டப்பாவில் கூலரே இல்லை. நண்பரிடம் ரைசன் 5 ஒன்றோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் சும்மா கிடக்கிறது. அதைப் போடலாமா?

பதில்: மாட்ட முடியும், ஓடவும் ஓடும். ஆனால் ஸ்டெல்த் 65 வாட் ப்ராசஸர்களோடு வருகிற குட்டிக் கூலர். உங்களுடையது 105 வாட் ரகம். முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். கனமான வேலை கொடுத்தால் 95 டிகிரியில் போய் முட்டிக்கொண்டு வேகத்தை விட்டுக்கொடுக்கும். நல்ல கூலர் வரும்வரை பயாஸில் ஈகோ மோடை, அதாவது மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் அமைப்பை, 65 வாட்டுக்கு வைத்து ஓட்டுங்கள். இழப்பு நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. எக்ஸ் இல்லாத வெறும் 7700 வாங்கியிருந்தால் ரெய்த் ப்ரிஸம் கூலர் டப்பாவிலேயே வந்திருக்கும். இன்டெல் பக்கம் கே என்று முடிகிற ப்ராசஸர்களுக்கு 2015லிருந்தே கூலர் தருவதில்லை.

கேள்வி: சூடு பிரச்சினையில்லை. ஆனால் பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் 'ஊய்' என்று கத்துகிறது, உடனே அடங்குகிறது. இதற்காகப் புதுக் கூலர் வாங்கலாமா?

பதில்: முதலில் காசில்லாத வைத்தியம். ஒரு கிளிக்குக்கே ப்ராசஸர் நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது. எத்தனை டிகிரிக்கு ஃபேன் எவ்வளவு வேகம் என்று சொல்லும் கோடுதான் ஃபேன் கர்வ். பயாஸில் அதை 60 டிகிரி வரை தட்டையாக வையுங்கள். ஏற்ற இறக்கத்தைச் சில நொடி தாமதப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

அதன்பிறகும் எரிச்சலாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 65 வாட் ப்ராசஸருக்கு வேறு கூலர் வாங்க நான் ஒப்புக்கொள்கிற காரணம் சத்தம் ஒன்றுதான். 120 மி.மீ. ஃபேனும், சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் நாலு ஹீட்பைப் குழாயும் உள்ள, கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் சாதாரண டவர் கூலர் போதும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும். வாங்கும் முன் கேபினெட்டின் அகலத்தை அளந்துவிடுங்கள். டவர் கூலர்கள் பலவும் 150 மி.மீ.க்கு மேல் உயரம்.

கேள்வி: அதே 65 வாட்டுக்கு லிக்விட் கூலர்?

பதில்: வேண்டாம். அழகுக்காக என்றால் உங்கள் இஷ்டம்.

கேள்வி: ரெண்டு வருடம் முன்பு இருந்ததைவிட இப்போது 12 டிகிரி கூடுதல். கூலர் ஆயுள் முடிந்துவிட்டதா?

பதில்: ஹீட்சிங்க் என்பது அலுமினியக் கட்டி, அதற்கு ஏது ஆயுள்? ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து வைத்து அதே வேலையைக் கொடுங்கள். சூடு சட்டென்று இறங்கினால் அடைப்பு கேபினெட்டில், அதாவது முன்பக்க வலையில் படிந்த தூசியில். இறங்காவிட்டால் ஃபேனுக்கு அடியில் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மாதிரி அடைந்திருக்கும். ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டி ஊதுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால்தான் கூலரைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பழைய பேஸ்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள், பழையது மறுபடி உதவாது. பழைய ரைசன்கள் உட்காரும் ஏஎம்4 சாக்கெட் என்றால் ஒரு எச்சரிக்கை. அதில் ஊசிகள் இருப்பது ப்ராசஸரின் அடியில். காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருக்கும்போது நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அவசரத்தில் நான் ஒருமுறை அப்படி இழுத்து, வளைந்த ஊசிகளை மெக்கானிக்கல் பென்சிலின் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தேன். நீங்கள் பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்துப் பேஸ்டை இளகவிட்டு, அணைத்து, மின்சார ஒயரைப் பிடுங்கியபின் கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கையிலேயே தெரியும். அப்போது தூக்கினால் போதும்.